பெயர் சொல்லும் வானொலி

சவர்க்காரம் வாங்கக் கடைக்குச் செல்கின்றோம். உறையின் நிறத்தையும் எழுத்தின் வடிவத்தையும் கண்டதுமே அது எந்தச் சவர்க்காரம் என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவரும் சொல்லிவிடுவார். ஒரு பொருளை ஏனைய பொருள்களிலிருந்து பிரித்துக் காட்டி, வாங்குபவரின் மனதில் நம்பிக்கையை உண்டாக்கும் பெயரையும் அடையாளத்தையும் வர்த்தக நாமம் என்று வணிகக் கல்வியில் படிக்கின்றோம்.

வானொலிக்கு உறை இல்லை, நிறமும் இல்லை. கையில் எடுத்துப் பார்க்கவோ முகர்ந்து பார்க்கவோ முடியாது. அப்படியாயின் வானொலி நிலையம் ஒன்று தன்னை எவ்வாறு அடையாளப்படுத்திக்கொள்கின்றது? உயர்தர வகுப்பில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் பாடத்தைப் படிக்கும்போது எனக்கு எழுந்த கேள்வி இது. விடையின் ஒரு பாதியை நூல்களில் பெற்றேன். மறுபாதியை எனது உம்மம்மாவிடம் பெற்றேன். இரண்டையும் இங்கு தருகின்றேன்.

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை இக்கட்டுரை ஆராயவில்லை. போர்க்காலத்தில் வன்னியில் ஒலித்த அரசியல் சார்ந்த வானொலிகளும் இதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. கேட்பவருடன் ஒரு வானொலி எவ்வாறு உறவு கொள்கின்றது என்பதே இங்கு பொருளாகும்.

வானொலியின் அடையாளங்கள்

வானொலி நிலையம் ஒன்றைக் காது ஐந்து வழிகளில் அடையாளம் காண்கின்றது எனலாம்.

முதலாவது, பெயர். இரண்டாவது, குறியிசை. நிகழ்ச்சி தொடங்குமுன் ஒலிக்கும் சில வினாடி இசை இது. அகில இந்திய வானொலியின் குறியிசையை 1936ஆம் ஆண்டளவில் அமைத்தவர் வால்டர் கவ்ஃப்மன் என்பவர். ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த யூத இசைவாணரான அவர் அமைத்த அவ்விசை, பல தலைமுறைகளுக்கு விடியற்காலையின் ஓசையாகவே இருந்தது. மூன்றாவது, அறிவிப்பாளரின் குரல். நான்காவது, அவர் எங்களை விளிக்கும் முறை. ஐந்தாவது, நேரம். ஒரே நிகழ்ச்சி தினமும் ஒரே நேரத்தில் வரும்போது அது வீட்டின் வழக்கமாகிவிடுகின்றது. "செய்தி தொடங்கிட்டு, இன்னும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடேல்லையா?" என்று உம்மா ஏசுவது இதனால்தான்.

இந்த ஐந்தையும் நன்றாகக் கையாண்டவர்களைத் தேடினால், அமெரிக்காவின் கன்ட்ரி இசை நிலையங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன.

கடையும் காப்புறுதியும் வளர்த்த கிராமிய இசை

கன்ட்ரி இசை என்பது அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் பிடில், பான்ஜோ, கிற்றார் ஆகிய கருவிகளோடு பாடப்பட்ட பாடல்களிலிருந்து வளர்ந்தது. எங்கள் நாட்டார் பாடல்களுக்கும் அதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாட்டார் பாடல் வயலிலும் தாலாட்டிலும் வாழ்ந்தது. கன்ட்ரி இசையோ வானொலியாலும் இசைத்தட்டாலும் வணிகமாக வளர்க்கப்பட்டது.

1924ஆம் ஆண்டு சிகாகோ நகரில் டபிள்யூ.எல்.எஸ். என்ற நிலையம் தொடங்கியது. அதன் உரிமையாளர் சியர்ஸ் என்னும் பெரும் வியாபார நிறுவனம். விவசாயக் குடும்பங்கள் அந்நிறுவனத்தின் பொருட்பட்டியலைப் பார்த்துத் தபாலில் பொருள்களை வாங்கின. 'உலகின் மிகப் பெரிய கடை' என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே நிலையத்தின் பெயராயின. பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் கடைக்கு விளம்பரம் கிடைத்தது.

1925 ஒக்டோபரில் நாஷ்வில் நகரில் டபிள்யூ.எஸ்.எம். தொடங்கியது. அதன் உரிமையாளர் ஓர் ஆயுட்காப்புறுதி நிறுவனம். 'பல இலட்சம் மக்களைக் காக்கின்றோம்' என்ற அந்நிறுவனத்தின் வாசகத்தினுடைய முதலெழுத்துகளே அங்கும் பெயராயின. அதே ஆண்டு நவம்பரில் அந்நிலையத்தில் சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி ஒன்று தொடங்கியது. 1927இல் ஜோர்ஜ் டி. ஹே என்ற அறிவிப்பாளர் அதற்குக் 'கிராண்ட் ஓல் ஒப்ரி' என்று பெயரிட்டார். அதற்கு முன் ஒலித்த நிகழ்ச்சியில் நகரத்தாரின் உயர்ந்த 'ஒப்பரா' இசை இடம்பெற்றிருந்தது. அந்தச் சொல்லைக் கிராமத்தார் உச்சரிப்பது போலத் திரித்துச் சொன்னார். வேடிக்கையாகப் பிறந்த அந்தப் பெயர் நிலைத்தது. அந்நிகழ்ச்சி நூறாண்டைத் தாண்டி இன்றும் நடைபெறுகின்றது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்நிகழ்ச்சியின் ஆரம்பகாலக் குழுக்களில் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஹம்ப்ரி பேட் ஒரு வைத்தியர். முதலில் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து படம் பிடித்துக்கொண்ட கலைஞர்களை, பின்னர் வயல் உடையில் தோன்றச் செய்தார் ஹே. வைத்தியரின் குழுவுக்குக் காட்டு விலங்கு வேட்டைக்காரர் என்ற பொருளில் பெயரும் வைத்தார். பாடியவர்களும் பாடல்களும் உண்மையாகவே அந்த மண்ணுக்கு உரியவை. எனினும் வானொலி விற்ற 'கிராமம்' ஓரளவு ஒப்பனை செய்யப்பட்ட கிராமமாகும். வேலை தேடி நகரத்துக்கு வந்து, விட்டுவந்த ஊரை நினைத்து ஏங்கிய மக்கள் அதை விரும்பிக் கேட்டனர்.

இன்று அமெரிக்காவின் கன்ட்ரி நிலையங்கள் பலவற்றுக்கு 'ஓநாய்', 'காளை', 'தவளை' என்ற பொருளில் பெயர்கள் உள்ளன. ஒரே பெயர் பல நகரங்களில் ஒலிக்கின்றது. தவளைப் பெயருடைய நிலையங்களில் அறிவிப்பாளர்களும் தவளை, குளம், சேறு சார்ந்த வேடிக்கைப் பெயர்களை வைத்துக்கொள்வதுண்டு. பெரிய நிறுவனங்கள் பல நிலையங்களை வாங்கி ஒரே அச்சில் வார்ப்பதால் இந்த நிலை ஏற்பட்டது.

ஆனாலும் அந்நாட்டுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒருமுறை தனது அழைப்பெழுத்துகளைச் சொல்லி, அதை அடுத்து தனக்கு அனுமதி வழங்கப்பட்ட ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும். ஓநாயானாலும் தவளையானாலும் தான் எந்த ஊருக்கு உரியது என்பதை மணிக்கொருமுறை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். இந்த விதியை வாசித்தபோதுதான் எனது கேள்விக்கான விடை இருக்கும் திசை தெரிந்தது.

கொழும்பிலிருந்து எழுந்த குரல்

நாஷ்வில் நகரில் சனிக்கிழமை நிகழ்ச்சி தொடங்கிய சில வாரங்களில், 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பிலும் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமானது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் அதற்கு முன்பே பரிசோதனைகளை நடத்தியிருந்தார். ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் ஒன்று எங்களுடையதாகும்.

1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. அதற்குச் சிறிது காலத்தின் பின் இந்திய அமைச்சர் பி.வி.கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடமில்லாமற் செய்தார். அந்த வெற்றிடத்தை இலங்கை வானொலி நிரப்பியது. 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்ற ஹிந்தி நிகழ்ச்சி, பற்பசை ஒன்றின் பெயரைத் தன் பெயரிலேயே சுமந்தது. நிகழ்ச்சி பம்பாயில் பதிவுசெய்யப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டது. கொழும்பிலிருந்து இந்தியா முழுவதும் கேட்டது. அதை வழங்கிய அமீன் சயானி கேட்போரை விளிக்கும்போது 'சகோதரிகளே' என்பதை முதலிலும் 'சகோதரர்களே' என்பதைப் பின்னரும் சொன்னார். வீட்டில் வானொலிக்கு அருகில் அதிக நேரம் இருப்பவர் யார் என்பதை அவர் அறிந்திருந்தார். நேயர்களைப் பறிகொடுத்த இந்திய வானொலி 1957இல் விவித் பாரதி என்ற சேவையைத் தொடங்க வேண்டியதாயிற்று.

தமிழிலும் இதுவே நடந்தது. தமிழ்நாட்டில் ஒலித்த திரைப்பாடல்களையே இலங்கை வானொலியும் ஒலிபரப்பியது. பாடல் ஒன்றாக இருக்கும்போது வேறுபாட்டைக் காட்டுவது எது? குரலே காட்டியது. எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் தமிழகத்திலும் வீட்டுப் பெயர்களாயின. 'பொங்கும் பூம்புனல்' என்றால் காலை நேரம் என்று பொருள். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்குச் சென்றபோது, நகைக்கடை ஒன்றின் பெயரை முன்னொட்டாகப் பெற்றது. தமிழை எவ்வாறு திருத்தமாக உச்சரிப்பது என்பதற்கு உலகத் தமிழர் எடுத்துக்காட்டும் ஒருவர் எமது சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது எங்களுக்கும் பெருமையாகும்.

1967இல் கூட்டுத்தாபனமான வானொலி, 1972இல் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்ற பெயரைப் பெற்றது. விளம்பரத் துறையினர் இவ்வளவு நீண்ட பெயரை ஒருபோதும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இருந்தும் அந்தப் பெயர் மனதில் பதிந்தது. அதை நேர்த்தியாகவும் நிதானமாகவும் நாள்தோறும் சொன்ன குரல்களே அதற்குக் காரணம்.

முஸ்லிம் சேவையையும் இங்கு குறிப்பிட வேண்டும். தலைப்பிறை தென்பட்டதா என்று அறிய, கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக வானொலியைச் சுற்றி அமர்ந்திருந்த இரவுகளை எமது பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். 'மாதர் மஜ்லிஸ்' நிகழ்ச்சியின் மூலம் முஸ்லிம் பெண்களின் எழுத்தும் குரலும் வெளியே கேட்டன. வாசல் தாண்டாத பல பெண்களின் எழுத்து, அந்த வானொலி வழியாக நாடு முழுவதும் சென்றது.

ஒரு சொல், மூன்று மொழி

1990களில் தனியார் வானொலிகள் வந்தன. 1998இல் ஒரே நிறுவனம் சிங்களத்தில் 'ஹிரு', தமிழில் 'சூரியன்', ஆங்கிலத்தில் 'சன்' என மூன்று அலைவரிசைகளைத் தொடங்கியது. மூன்றுக்கும் பொருள் ஒன்றே. ஒரு வர்த்தக நாமத்தை மூன்று மொழிகளுக்கும் உரியதாக்கிய திறமையை ஊடக மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதே காலப்பகுதியில் 'சக்தி', பின்னர் 'வெற்றி', 'வசந்தம்' எனப் பெயர்கள் தொடர்ந்தன. கூட்டுத்தாபனமும் தனது தமிழ் வர்த்தக சேவைக்குத் 'தென்றல்' என்று பெயரிட்டது.

இப்பெயர்கள் யாவும் சுருக்கமானவை, இனிமையானவை. சூரியனும் தென்றலும் எல்லா ஊருக்கும் பொதுவானவை. எந்த ஊரையும் குறிக்காத பெயரை எந்த ஊரிலும் விற்கலாம். இதுவே அவற்றின் பலமும் பலவீனமும் ஆகும்.

இதற்கு மாறாக இடத்தைக் குறிக்கும் பெயர்களும் உண்டு. எமக்கு அயலிலுள்ள அனுராதபுரத்திலிருந்து 1979 முதல் ஒலிக்கும் சிங்களச் சேவை 'ரஜரட்ட' என்ற தன் பிரதேசத்தின் பெயரையே கொண்டது. 'யாழ்' என்ற பெயர் ஊரையும் இசைக்கருவியையும் ஒருங்கே குறிக்கின்றது. கிழக்கில் 'பிறை' என்ற பெயரைக் கேட்டதுமே அது யாருக்காகப் பேசுகின்றது என்பது விளங்குகின்றது.

வன்னியில் வானொலி

வன்னிக்கும் வானொலிக்கும் உள்ள உறவு வேறு எங்கும் காண முடியாதது. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குப் பற்றரி வருவதில்லை. மின்சாரமும் இல்லை. மக்கள் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டனர். லண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும் அவ்வாறே கேட்கப்பட்டன. மிதிப்பவர் களைத்தால் செய்தி தேய்ந்துபோகும். உடல் உழைப்பைக் கொடுத்து ஒரு நிலையத்தைக் கேட்கின்றார்கள் என்றால், அந்நிலையத்தின் பெயர் எவ்வளவு நம்பிக்கையைப் பெற்றிருக்க வேண்டும்! 1941இல் தொடங்கிய தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது.

ஏ9 வீதியில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் உள்ள கொக்காவிலில் இருந்த பழைய ஒலிபரப்பு நிலையம் 1990இல் அழிந்தது. அவ்விடத்தில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. பஸ்ஸில் போகும்போது அண்ணாந்து பார்க்காத மாணவர் இல்லை. கோபுரம் எங்கள் மண்ணில் நிற்கின்றது. அதன் உச்சியிலிருந்து எங்கள் ஊர்களின் பெயர் எத்தனை முறை ஒலிக்கின்றது?

இனி உம்மம்மா சொன்னதைத் தருகின்றேன். அவர் பிறந்தது முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்றில். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வவுனியா வரை ஒன்றாக வந்த அவரது குடும்பம் அங்கிருந்து பிரிந்தது. அவர் புத்தளம் போனார். அவரது மூத்த ராத்தா எங்கே போனார் என்பது ஏறக்குறைய இரண்டு வருடங்களாகத் தெரியவில்லை. முகாமில் ஓலைக் குடிசை. பக்கத்துக் குடிசையில் ஒரு வானொலிப் பெட்டி.

"சட்டி கழுவிக்கொண்டு இருந்தனான் மகள். ஜனாஸா அறிவித்தல் போகுது. 'முல்லைத்தீவு தண்ணீரூற்றைப் பிறப்பிடமாகவும்' எண்டு சொன்னதும் கை நிண்டுட்டு. பேர் பிறகுதான் வந்தது. ராத்தாட பேர்."

அறிவித்தலில் முகவரி இருந்தது. உம்மம்மா போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது. ஆனால் ராத்தாவின் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். பிரிந்த குடும்பம் அன்று மீண்டும் சேர்ந்தது. இன்று பெருநாளைக்கு எங்கள் வீட்டுக்கு வரும் மாமாமாரும் பெரியம்மாமாரும் அந்த அறிவித்தலால் கிடைத்தவர்கள்.

"அந்த நேரம் எங்கட ஊரில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல. ஆனா ரேடியோக்காரர் ஊர்ப் பேரைப் பிழையில்லாமச் சொன்னார்" என்றார் உம்மம்மா.

'பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்ற வாய்பாட்டை நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம். அலுப்பூட்டும் ஒரு சொற்றொடர் என்றே எண்ணியிருந்தேன். ஊரை இழந்த ஒருவருக்கு அது ஊரைத் திருப்பிக் கொடுக்கும் சொற்றொடர் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

இதற்கு எதிரான ஓர் அனுபவமும் எங்கள் வீட்டில் உண்டு. இப்போது நாங்கள் இருப்பது நீராவிப்பிட்டியில். கடந்த வருடம் எனது தம்பி ஒரு வானொலிக்கு அழைப்பு எடுத்துப் பெருநாள் வாழ்த்துச் சொன்னான். "எங்க இருந்து கதைக்கிறீங்க?" என்று அறிவிப்பாளர் கேட்டார். ஊரைச் சொன்னான். "அது யாழ்ப்பாணத்துல எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சிரித்தவர், இவன் முல்லைத்தீவு என்று சொல்லி முடிக்குமுன் பாடலைப் போட்டுவிட்டார். அந்த அறிவிப்பாளர் வேண்டுமென்று செய்ததல்ல. அவருக்கு நேரம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் தம்பி தொலைபேசியை வைத்துவிட்டு, "அடுத்த முறை யாழ்ப்பாணம் எண்டே சொல்லிவிடுவன்" என்றான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் ஊரின் பெயரை மாற்றிச் சொல்லத் தயாராகிவிட்டான். அதே வீட்டில், அந்த ஊர்ப் பெயர் ஒருமுறை சரியாக ஒலித்ததால் உறவுகளைக் கண்டடைந்த உம்மம்மா அமர்ந்திருந்தார்.

நோன்பு காலத்திலும் இதை உணரலாம். கொழும்பில் சூரியன் மறையும் நேரத்துக்கும் எங்கள் ஊரில் மறையும் நேரத்துக்கும் சில நிமிட வித்தியாசம் உண்டு. வானொலியின் அதானும் எமது பள்ளிவாசலின் அதானும் ஒரே நேரத்தில் வருவதில்லை. நாடு முழுவதற்கும் பேசும் வானொலியை நாங்கள் விரும்பிக் கேட்கின்றோம். நோன்பு துறப்பதோ எங்கள் ஊரின் நேரத்துக்குத்தான்.

முடிவுரை

மேலே கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், வானொலியின் வர்த்தக நாமத்தில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் காணலாம். ஒன்று, நிலையம் தன் பெயரைச் சொல்வது. இதைப் பணம் கொடுத்துச் செய்விக்கலாம். குறியிசை அமைக்கலாம், வீதியோரத்தில் பதாகை வைக்கலாம், பரிசு கொடுக்கலாம். மற்றையது, நிலையம் கேட்பவரின் பெயரையும் ஊரையும் சொல்வது. இதற்குப் பொறுமையும் அக்கறையும் வேண்டும். முதலாவது பகுதியால் ஒரு நிலையம் தெரியவரும். இரண்டாவது பகுதியால் அது நம்பப்படும். உம்மம்மாவுக்கு அன்று ஒலித்த குறியிசை நினைவில்லை. எந்த அலைவரிசை என்பதும் நினைவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்ன குரல் மட்டும் முப்பது வருடங்களுக்கு மேலாக நினைவில் இருக்கின்றது.

கன்ட்ரி நிலையங்கள் கிராமத்தின் பெயரால் வளர்ந்தன. அவை கிராமத்தைவிட்டு விலகிச் சென்றபோதும் ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் நினைவூட்டுகின்றது. எங்களுக்கு அவ்வாறு நினைவூட்ட வேண்டியவர்கள் கேட்பவர்களாகிய நாங்களே. யாழ்ப்பாணமா என்று கேட்டால், இல்லை, இது முல்லைத்தீவு, நீராவிப்பிட்டி என்று இரண்டாம் முறையும் சொல்லத் தயங்கக் கூடாது. எங்களில் ஒருத்தி, இன்ஷா அல்லாஹ், ஒலிவாங்கிக்கு முன்னால் அமரும் நாள் வந்தால், அழைப்பவரின் ஊரைக் கேட்டு, அதை முழுமையாகச் சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்லட்டும்.

செய்து பார்ப்போம்

1. வீட்டில் கேட்கும் வானொலி ஒன்றை ஒரு மணிநேரம் செவிமடுங்கள். நிலையத்தின் பெயர் எத்தனை முறை வருகின்றது? நேயர்களின் ஊர்ப் பெயர்கள் எத்தனை முறை வருகின்றன? இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள்.

2. கண்ணை மூடிக்கொண்டு அலைவரிசையை மாற்றுங்கள். பெயரைச் சொல்லுமுன் எது எந்த நிலையம் என்று கண்டுபிடிக்க முடிகின்றதா? எதைக் கொண்டு கண்டுபிடித்தீர்கள்?

3. உங்கள் வீட்டிலுள்ள மூத்தவரிடம், வானொலியில் கேட்டு இன்றும் மறக்காத ஒரு செய்தியைச் சொல்லும்படி கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய பேச்சுவழக்கிலேயே எழுதி வையுங்கள்.

4. எமது பிரதேசத்துக்கென ஒரு வானொலி தொடங்குவதாயின் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? அந்தப் பெயர் யாரையெல்லாம் உள்ளடக்கும், யாரை விட்டுவிடும் என்பதையும் சிந்தியுங்கள்.

உயர்தர வகுப்பு மாணவி,
கலைப்பிரிவு.